பழைய படங்களை வீட்டில் பார்க்கும்போது பாட்டை ஓட்டிவிடலாமா?

கேள்வி: 3 மார்ச் 2024, இரவு 8.15

சில மாதங்களாக வீட்டுத் தொலைக்காட்சியில் யூடியூப் வழியாகக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் எழுபதுகளின் வண்ணப் படங்களையும் பார்த்து வருகிறேன். பாட்டு தொடங்கியதும் ரிமோட்டால் ஓட்டிவிடுவது என் வழக்கம். மூன்று மணி நேரப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. கதையில் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. பாட்டு வேண்டும் என்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளலாமே. இப்படிப் பார்ப்பதால் நான் எதை இழக்கிறேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

5 மார்ச் 2024, இரவு 10.30

சென்ற ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஓடியது. பெரியம்மாவும், விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனும் உடன் இருந்தார்கள். படம் ஏறத்தாழ முழுவதுமே ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. புற்றுநோயோடு வந்து சேர்ந்திருக்கும் கணவர் முத்துராமன், உடன் வந்திருக்கும் மனைவி தேவிகா, மருத்துவராக இருக்கும் அவருடைய பழைய காதலர் கல்யாண்குமார் என்று மூன்றே பேரை வைத்துக்கொண்டு ஸ்ரீதர் கதையைக் கட்டியிருக்கிறார்.

மனைவியின் பழைய கதை தெரியவந்த பிறகு, தான் இறந்துவிட்டால் அந்த மருத்துவரையே மணந்துகொள்ள வேண்டும் என்று முத்துராமன் அவரிடம் சொல்கிறார். இதற்கு ஒரு மனைவி என்ன பதில் சொல்ல முடியும்? கோபப்படலாம், அழலாம், வாயடைத்து நிற்கலாம். தேவிகா 'சொன்னது நீதானா' என்று பாடுகிறார். கண்ணதாசனின் வரிகள், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, பி. சுசீலாவின் குரல். அந்தப் பாட்டுதான் பதில். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பேச்சுக்கு வேறு பதில் வசனமாக வரவில்லை. வின்சென்ட்டின் கேமரா அந்தச் சிறிய அறையை விட்டு வெளியேறாமல், கட்டிலையும் சிதாரையும் அவர்கள் இருவரின் முகங்களையும் மாற்றி மாற்றிச் சுற்றி வருகிறது. பாட்டின்போது கணவர் எதுவும் பேசுவதில்லை. கேட்டது தவறோ என்று அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைத்தான் நாம் பார்க்கிறோம்.

அக்கா மகன் இந்த இடத்தில் ரிமோட்டை எடுத்தான். "வெய்டா, அவ என்ன சொல்றான்னு கேக்க வேணாமா?" என்றார் பெரியம்மா. உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை. பாட்டை ஓட்டிவிட்டால், கணவர் கேட்கிறார், மனைவி பதிலே சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார் என்று ஆகும். அதுவும் ஒரு படம்தான். ஆனால் ஸ்ரீதர் எடுத்த படம் ஆகாது.

5 மார்ச் 2024, இரவு 11.05

படுக்கப் போகும்போது நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன். 'சந்திரலேகா'வை (1948) நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால், ரிமோட்டை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பிரம்மாண்டமான அந்த முரசு நடனத்தை "டான்ஸ்தானே" என்று ஓட்டிவிட்டால், அரண்மனைக்குள் திடீரென்று எங்கிருந்து இத்தனை வீரர்கள் குதித்தார்கள் என்று குழம்பிப் போவீர்கள். அவர்கள் அனைவரும் நடனத்துக்காக வைத்திருந்த முரசுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறார்கள். வில்லன் ரஞ்சன் நடனத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, டி. ஆர். ராஜகுமாரி அவருடைய முடிவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். எஸ். எஸ். வாசன் ஜெமினியின் பணத்தையெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் கொட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

8 மார்ச் 2024, காலை 7.20

"அப்படியானால் எல்லாப் பாட்டும் கதைக்கு அவசியமா?" என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். அதே ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) சில பாட்டுகளை எடுத்துவிட்டாலும் கதை அதே இடத்தில்தான் போய்ச் சேரும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் முதலாளி பாலையாவின் பங்களா முன்னால் நடத்தும் போராட்டமாகவே வருவதால் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்பதை எடுக்க முடியாது. ஆனால் காதலர்கள் காரிலும் தோட்டத்திலும் பாடிக்கொண்டு திரிவதை எடுக்கலாம்.

எடுக்கலாம் என்பதனால் எடுத்துவிட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நேற்றிரவு இதே படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தபோது எனக்கு இப்படித் தோன்றியது. கதைக்குத் தேவையா என்ற ஒரே அளவுகோலை வைத்தால், படத்திலிருந்து முதலில் வெட்ட வேண்டியது பாட்டு எதுவும் இல்லை. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத்தான் வெட்ட வேண்டும். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்தும் செல்லப்பா தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறார். அவ்வளவுதான் அங்கே நடப்பது. அந்தக் காட்சி இல்லாவிட்டால் எந்தக் காதலும் முறியாது, எந்தக் கல்யாணமும் நிற்காது. அறுபது ஆண்டுகளாகத் தமிழ்நாடு அந்தப் படத்தை எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காட்சியை நான் கவனித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் நாகேஷைப் பார்ப்பார்கள். அவர் குரலால் காற்றையும் கதவையும் காலடியையும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார், கண்ணை உருட்டுகிறார், ஓர் இடத்தில் நிற்பதில்லை. நேற்று நான் பாலையாவை மட்டும் பார்த்தேன். தொடக்கத்தில், இவன் என்ன உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் முதலாளி, சிறிது சிறிதாகச் சிறு பிள்ளையாக மாறுகிறார். கன்னம் தொய்கிறது, உதடு நடுங்குகிறது, நாகேஷ் ஒலி எழுப்பும் ஒவ்வொரு முறையும் தோள் உள்ளே ஒடுங்குகிறது. பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்கு அங்கே வேலை அதிகம். கோபு எழுதியதை நாகேஷ் ஊதிப் பெருக்குகிறார் என்றால், அதை நம்ப வைப்பது பாலையா.

ஆகவே "கதையில் எதுவும் விட்டுப்போகவில்லை" என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. கதை மட்டும் வேண்டுமானால் விக்கிப்பீடியாவில் பத்து வரியில் இருக்கிறது.

8 மார்ச் 2024, மாலை 6.45

காலையில் எழுதியதன் கடைசி வரி கொஞ்சம் காரமாகிவிட்டது. அதை நீக்கப்போவதில்லை, கூடவே இன்னொன்றைச் சேர்க்கிறேன். நானும் சில பாட்டுகளை ஓட்டிவிடுகிறேன். கிளப்பில் ஒரு நடனம், பக்கத்தில் வில்லன் கண்ணாடிக் குவளையோடு புன்னகைப்பது, கதாநாயகன் ஒட்டுத்தாடியோடு ஓரமாக நிற்பது என்று ஒரு பத்தாண்டுக் காலம் எல்லாப் படத்திலும் வந்ததே, அவற்றை நான் பொறுமையாகப் பார்த்ததில்லை. நகைச்சுவைத் தடத்துக்கென்று தனியாக ஒரு பாட்டு வைத்திருந்தால் அதற்கும் இதே கதிதான். விநியோகஸ்தர் கேட்டதற்காக நுழைக்கப்பட்ட பாட்டு எது, இயக்குநர் யோசித்து வைத்த பாட்டு எது என்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்த அரை நிமிடத்தைக் கொடுத்துவிட்டு அதன்பிறகு முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

12 மார்ச் 2024, இரவு 9.50

பாட்டே இல்லாத படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு: 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுவே. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய அந்த நாளில், ரேடியோ என்ஜினீயரான சிவாஜி கணேசன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் நம்மை நோக்கித் தடுமாறி வந்து விழுகிறார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி என்று ஒவ்வொருவரும் சொல்லும்போதும் நாம் பார்க்கும் சிவாஜி வேறு வேறு ஆளாக இருக்கிறார். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் வேறு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' பாதிப்பு என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பெரியம்மா முதல் அரை மணி நேரம் வரை "பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்கவில்லை. இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று உண்டு. ஆசை நாயகி அம்புஜம் ஒரு நடனக்காரி. அன்றைய எந்தப் படத்திலும் ஒரு நடனக்காரி கதைக்குள் காலடி வைத்தால் சலங்கை ஒலிக்காமல் போனதில்லை. பாலசந்தர் அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார், பேச வைக்கிறார், கொலையில் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார். ஆட மட்டும் விடவில்லை. 1954 ஏப்ரலில் காசு கொடுத்துத் திரையரங்குக்கு வந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

இதில் இன்னொரு வேடிக்கை, இந்த இயக்குநர் வேறு யாருமல்லர், வீணை வித்வான் எஸ். பாலசந்தர். இசையைத் தன் வாழ்க்கையாகக் கொண்டிருந்த ஒருவர்தான் பாட்டில்லாமல் ஒரு படத்தை எடுத்துக் காட்டியவர். பாட்டின் மதிப்புத் தெரிந்த மனிதருக்கே அது எங்கே வேண்டாம் என்பதும் தெரிந்திருக்கிறது.

13 மார்ச் 2024, காலை 6.30

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. 'அந்த நாள்' படத்தை வைத்து "பார்த்தீர்களா, பாட்டில்லாமலும் படம் நிற்கிறது" என்று யாராவது என்னையே மடக்கக்கூடும். பாட்டில்லாமல் நிற்கும்படி எழுதப்பட்ட படம் வேறு. பாட்டோடு நிற்கும்படி எழுதப்பட்ட படத்திலிருந்து பாட்டை உருவுவது வேறு. முதலாவதில் அந்த இடத்தை வசனமும் வெளிச்சமும் சந்தேகமும் நிரப்புகின்றன. இரண்டாவதில் ஓட்டை விழுகிறது.

17 மார்ச் 2024, இரவு 10.10

பாட்டில்லாத இன்னொரு படம்: பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்ற படம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், தாத்தாவோடும் தங்கையோடும் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், மழை, சிமென்ட் திருடும் காண்டிராக்டர், அனுமதிக்கு அலைச்சல் என்று வீடு கட்டியவர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயங்கள்தாம். எங்கள் தெருவில் வீடு கட்டிப் பாதியில் நிறுத்தியிருக்கும் நண்பர் ஒருவரை அழைத்துவந்து உட்கார வைத்தேன். இடைவேளை வருவதற்குள் "எனக்கு வேலை இருக்குப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

இந்தப் படத்தில் பாட்டு இல்லை, இசை இருக்கிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையில் பாடி நடித்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத செங்கல் சுவரைத் தடவிப் பார்க்கிறார். கதவு வைக்காத வாசல்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறார். அவர் முகத்தில் வரும் சிரிப்புக்கு வசனம் எழுத எவராலும் முடியாது. திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார். நான் சொல்ல வந்தது, இந்தக் காட்சியை வேறோர் இயக்குநர் எடுத்திருந்தால் இங்கே ஒரு பாட்டு வந்திருக்கும், அது நன்றாகவும் இருந்திருக்கும். பாலு மகேந்திரா வயலின்களை மட்டும் விட்டுவிட்டுக் கிழவரின் கையைக் காட்டுகிறார்.

இந்த இடத்தையும் ஓட்டிவிடுவீர்களா? இதிலும் சில நிமிடங்களுக்கு யாரும் பேசுவதில்லை, கதையும் நகர்வதில்லை.

18 மார்ச் 2024, காலை 8.00

சிலர் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாக அக்கா மகன் சொல்கிறான். இதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. பாலையா அந்த வேகத்தில் பயந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசிக்கிறேன்.

23 மார்ச் 2024, இரவு 9.15

இந்த விவாதத்தில் நம் தலைமுறையின் பங்கைப் பற்றியும் பேச வேண்டும். எண்பதுகளில் வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' வரும். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டின் வாசலில் தெருவே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதில் வந்தவை படத்திலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட பாட்டுகள். அதற்கு முன்னால் வானொலியும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் இதே வேலையைச் செய்தன. படம் இல்லாமல் பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டு இல்லாமல் படத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது.

இதன் விளைவு ஒன்றை நான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பார்த்தபோது உணர்ந்தேன். 'அழகிய கண்ணே' என்ற பாட்டை எத்தனையோ ஆண்டுகளாக எஸ். ஜானகியின் பாட்டாக, இளையராஜாவின் பாட்டாகக் கேட்டிருக்கிறேன். அது அஸ்வினி தன் பிள்ளைகளோடு இருக்கும் பொழுதின் பாட்டு என்பது தெரியும். ஆனால் படத்தின் நடுவில் வைத்துப் பார்ப்பது வேறு அனுபவம். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு வாய்த்த நல்ல நேரம் அநேகமாக அவ்வளவுதான். கணவனாக வரும் விஜயன் கத்துவதில்லை, அடியாட்களோடு வருவதில்லை. மெல்லிய குரலில் பேசியே வீட்டில் இருப்பவர்களை நடுங்க வைக்கிறார். அவள் இறந்த பிறகு அந்தக் குழந்தைகள் தனியே திரியும்போது நமக்குத் தொண்டை அடைப்பது ஏன்? பாட்டில் அவள் கையையும் மடியையும் பார்த்திருக்கிறோம். ஓட்டிவிட்டவருக்கு அவர்கள் தாயில்லாப் பிள்ளைகள் என்ற செய்தி மட்டும் கிடைக்கும்.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியது என்று தலைப்பில் சொல்லியிருக்கிறார்கள். கதையைப் படித்துவிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்டு வியப்பார்கள். ஆற்றங்கரையில் ஊரே கூடி விஜயனைச் சாகச் சொல்லும் கடைசிக் காட்சியில், நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவர் பேசுகிறாரே, அதை மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன். ரிமோட்டுக்கு இப்படியும் ஒரு நல்ல பயன் உண்டு.

24 மார்ச் 2024, மதியம் 2.30

மகேந்திரன் என்றதும் 'முள்ளும் மலரும்' (1978) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நம் வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. பொறியாளராக வரும் சரத்பாபு ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் போகும் 'செந்தாழம் பூவில்' பாட்டுக்கான படப்பிடிப்புக்கு மேற்கொண்டு செலவு செய்யத் தயாரிப்பாளர் மறுத்தபோது, கமல்ஹாசன் பொறுப்பேற்று உதவினார் என்று மகேந்திரனே பல முறை சொல்லியிருக்கிறார். படத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நடிகர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அந்த அதிகாரிக்கும் கதாநாயகன் காளியின் தங்கையாக வரும் ஷோபாவுக்கும் இடையில் எதுவுமே அரும்பவில்லை என்று ஆகிவிடும். பின்னால் அவர் பெண் கேட்பது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். பாலு மகேந்திராவின் கேமராவில் அந்தப் பனிமூட்டமும், ஷோபா பேசாமலே பார்க்கும் பார்வையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பாட்டு முழுவதிலும் காதல் வசனம் ஒன்றுகூட இல்லை.

தமிழ்ப் படங்களில் பாட்டும் மிகை நடிப்பும் கூடிவிட்டன என்று கல்லூரி மேடையில் எம்.ஜி.ஆர். முன்னாலேயே பேசி அவருடைய பாராட்டைப் பெற்றவர் மகேந்திரன். அவர் ஒரு பாட்டுக்காகப் போராடியிருக்கிறார் என்றால் அந்தப் பாட்டை நாம் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

27 மார்ச் 2024, இரவு 8.40

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியே நாகஸ்வரம் வாசித்தார் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவருடைய நம்பிக்கைக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கன்னம் உப்புவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் மூச்சு இழுக்கும் இடமும் ஒலியோடு அப்படிப் பொருந்துகின்றன. பக்கத்தில் தவில் வாசிக்கும் பாலையாவின் தலையாட்டலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து நாகஸ்வரம் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தில் காதலர்கள் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் காட்சிகள் மிகக் குறைவு. நாட்டியக்காரியான மோகனாவின் தாயார் வடிவாம்பாள் அதற்கு விடுவதாக இல்லை. ஆகையால் பேச்சு முழுவதும் கச்சேரியில் நடக்கிறது. தூணுக்குப் பின்னால் நின்று தன் ஆட்டத்தைப் பார்ப்பவரை அடையாளம் கண்டுகொண்டு அவள் 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' என்று கேட்கிறாள். விஷக்கத்தி பட்டுப் பிழைத்து வந்தவரை 'நலந்தானா' என்று சபை நடுவில் விசாரிக்கிறாள். அவர் வாயில் சீவாளி இருக்கிறது, பேச முடியாது. நாகஸ்வரத்தாலேயே பதில் சொல்கிறார். கூட்டம் பாட்டைக் கேட்கிறது. இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ஏ. பி. நாகராஜனும் கே. வி. மகாதேவனும் இதை எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்திருக்கிறார்கள் என்பதை இந்த வயதில்தான் கவனித்தேன். சிறுவனாகப் பார்த்தபோது வைத்தியாக வரும் நாகேஷுக்கும் ஜில் ஜில் ரமாமணிக்கும் காத்துக்கொண்டிருந்ததில் இதெல்லாம் கண்ணில் படவில்லை.

2 ஏப்ரல் 2024, இரவு 10.00

இனி ஒரு புகார். நாம் ஓட்டிவிடுவது இருக்கட்டும். நமக்கு முன்பே வேறு யாரோ ஓட்டிவிட்டிருக்கிறார்கள். தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றில் மதியக் காட்சியாகப் பழைய படம் ஒன்று ஓடியது. பாட்டின் முன்னிசை தொடங்குகிறது, கதாநாயகி திரும்புகிறாள், உடனே சமையல் எண்ணெய் விளம்பரம். விளம்பரம் முடிந்து வந்தால் கதாநாயகி வேறு புடவையில் வேறு ஊரில் இருக்கிறாள். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்றால் அவர்கள் முதலில் கைவைப்பது பாட்டில்தான். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவும் இப்படி ஒளிபரப்பானதைப் பதிவு செய்தவை என்பதால், அதே வெட்டு நிரந்தரமாகிவிடுகிறது.

பிரதி முழுமையானதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. திரையின் வலது மேல் மூலையில் அவ்வப்போது ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், கவனித்திருப்பீர்கள். ஒரு ரீல் முடியப்போகிறது, அடுத்த புரொஜெக்டரைத் தயாராக வை என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் அடையாளம் அது. ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழப் பதினோரு நிமிடம் ஓடும். திரையரங்குகளில் இரண்டு ரீல்களை ஒன்றாக ஒட்டி ஓட்டுவதும் உண்டு. இரண்டு வட்டங்களுக்கு நடுவில் வழக்கத்தைவிட மிகக் குறைவான நேரமே ஓடியிருந்தால், அங்கே ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது ஒரு பாட்டாக இருக்கும். மறுசீரமைத்த பிரதிகளில் இந்த வட்டங்களைத் துடைத்துவிடுகிறார்கள். அங்கே இந்த வழி பயன்படாது.

மறுசீரமைப்பு என்றதும் 'கர்ணன்' (1964) ஞாபகம் வருகிறது. 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பித்து மறுபடியும் திரைக்கு வந்தபோது போயிருந்தேன். 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' பாட்டுக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுந்ததும் அரங்கில் இருந்த வயதானவர்களில் பலர் கூடவே முணுமுணுத்தார்கள். பாட்டு வந்தால் வெளியே போய்ப் புகைபிடித்துவிட்டு வரும் வழக்கம் திரையரங்கில் எப்போதும் இருந்ததுதான். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

6 ஏப்ரல் 2024, காலை 9.20

'ஹரிதாஸ்' (1944) பற்றி எழுதவில்லையே என்று கேட்டவருக்கு: அதில் பாட்டை ஓட்டினால் மிஞ்சுவது பெயர்ப் பட்டியல்தான். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம் அது; வந்தவர்கள் பாபநாசம் சிவன் பாட்டுகளை எம். கே. தியாகராஜ பாகவதர் குரலில் கேட்பதற்காகத் திரும்பத் திரும்ப வந்தவர்கள். கதை அவர்களுக்கு முதல் நாளே தெரியும். 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' எப்போது வரும் என்றுதான் காத்திருந்தார்கள். அந்தக் காலப் படங்களை நம் காலத்துப் படங்களைப்போல் பார்க்க முயல்வதில்தான் சிக்கல். அது பெரும்பாலும் கச்சேரி. நடுவில் கதை வருகிறது. பெரியம்மா அப்படித்தான் பார்க்கிறார். வசனம் வந்தால் எழுந்து போய்க் காய் நறுக்கிவிட்டு, பாட்டு கேட்டால் வந்து உட்கார்ந்துகொள்கிறார். உங்கள் முறைக்கு நேர் எதிர்முறை. இருவரையும் ஒரே வீட்டில் விட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

14 ஏப்ரல் 2024, மாலை 5.10

கேள்வி கேட்டவர் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை ஓட்டாமல் பார்த்ததாகவும், 'சொன்னது நீதானா' பற்றி நான் எழுதியதை ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் 'முத்தான முத்தல்லவோ' தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார். பாதி வெற்றி என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டு குட்டி பத்மினி நடித்த குழந்தை நோயாளியைச் சுற்றி அமைந்தது. மருத்துவமனை என்றால் அங்கே முக்கோணக் காதல்காரர்கள் மட்டும் படுத்திருப்பதில்லை என்பதை ஸ்ரீதர் காட்ட விரும்பியிருக்கிறார். எனக்கு அது வேண்டும். உங்களுக்கு வேண்டாம் என்றால் சண்டை போட மாட்டேன்.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) பாருங்கள். வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை சென்னை முழுவதும் கைமாறிக் கைமாறிப் போகிறது. எந்த நொடியில் வெடிக்கும் என்ற பதற்றத்திலேயே படம் ஓடுகிறது. 'அந்த நாள்' எடுத்தவர் இதில் பாட்டு வைத்திருக்கிறார், இசையும் அவரே. யேசுதாஸ் தமிழ்ப் படத்துக்காகப் பாடிய முதல் பாட்டான 'நீயும் பொம்மை நானும் பொம்மை' இதில்தான் வருகிறது. கதை முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். கடைசியில் பாலசந்தர் தாமே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்களையும் ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். பெயர்ப் பட்டியல் என்று நினைத்துப் பெரும்பாலோர் அதற்குள் வேறு படத்துக்குப் போய்விடுகிறார்கள்.